மலையில மஞ்சள் பூ பாத்தா மொதல்ல எண்ணிப் பாருங்க

ஊட்டிக்கு மேல புல்வெளிப் பக்கம் மொதல் தடவை போனப்போ நான் பண்ணின கூத்தைச் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன். ஒரு சரிவு முழுக்க மஞ்சள், யாரோ மஞ்சத்தூள் மூட்டையைப் பிரிச்சுக் கொட்டிட்டுப் போன மாதிரி கண்ணு கூசுது, நானும் தரையில படுத்துப் புரண்டு நாப்பது ஃபோட்டோ எடுத்து அன்னைக்கு ராத்திரியே "நீலகிரியோட சொந்தப் பூ, வேற எங்கயும் கிடைக்காது"ன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டேன். மறுநாள் கூட வந்த ஃபாரஸ்ட் வாட்சர் அண்ணன் போனை வாங்கிப் பாத்துட்டு ரொம்பப் பொறுமையா சொன்னாரு, "தம்பி, இது வெள்ளக்காரன் காலத்துல வந்த செடி, இதைப் புடுங்கிப் போடத்தான் எங்களுக்குக் கூலியே குடுக்கறாங்க". ஸ்டேட்டஸை டிலீட் பண்றதுக்குள்ள எழுபது பேர் பாத்தாச்சு.

அப்புறம் அவரே நிஜமான உள்ளூர்க்காரனைக் காட்டினாரு. நான் படுத்துக் கிடந்த எடத்துல இருந்து பத்தடி கூட இருக்காது, இடுப்பளவு புதர் ஒண்ணு, அதுல மொத்தமே ஏழெட்டு பூ, பாத்தா விழுந்து விழுந்து ஃபோட்டோ எடுக்கணும்னு தோணாது. பேரு ஹைபெரிக்கம் மைசூரென்ஸ். பேரைக் கேட்டா பயமா இருக்கும், ஆனா கண்டுபிடிக்கறது ரொம்ப ஈஸி, ஏன்னா அதுல எண்ண வேண்டியதெல்லாம் அஞ்சுலயே முடிஞ்சிரும். இந்தக் கட்டுரை அந்த ஒரு பூவை அடையாளம் கண்டுக்கறது எப்படின்னுதான், போற வழியில மத்த மஞ்சளும் வரும்.

மொதல்ல எந்த எடம்னு பாத்துருவோம். ஊட்டி ஊரே சுமார் 2240 மீட்டர் உயரத்துல இருக்கு, தொட்டபெட்டா 2637 மீட்டர், அந்தப் பக்கம் முக்குர்த்தி சிகரம் 2554. இந்த உயரத்துல காடு கீழ சமவெளியில எங்கயும் பாக்காத மாதிரி இருக்கும், மேடெல்லாம் புல்லு, பள்ளமான எடத்துல மட்டும் தலையை நெருக்கி வெச்சுக்கிட்டு நிக்கற குட்டை மரங்க, அதுதான் சோலை. நெறைய பேரு அந்தப் புல்வெளியைப் பாத்துட்டு "மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க போல"ன்னு உச்சு கொட்டுவாங்க. அப்படி இல்ல, டிசம்பர் ஜனவரி மாசத்துல விழற உறைபனியில மரக்கன்னு கருகிரும், புல்லு தாங்கும், அப்பப்போ தீயும் படும், அதனால புல்வெளி அங்க புல்வெளியாவே ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு. தோடர் மக்களோட எருமை மேய்ஞ்ச நெலம் இதுதான். மூணாறு பக்கம் இரவிகுளத்துலயும், பழனி மலை மேல்பக்கமும் இதே ஏற்பாடுதான்.

நம்ம ஹைபெரிக்கம் அந்தப் புல்லு நடுவுலயும், சோலை முடிஞ்சு புல்லு ஆரம்பிக்கற ஓரத்துலயும் நிக்கும். பக்கத்துல பெரும்பாலும் சிவப்புப் பூ பூக்கற ரோடோடெண்ட்ரான் மரம் ஒண்ணு கோணல்மாணலா நிக்கும், அதைப் பாத்தாலே சரியான ஏரியாவுக்கு வந்துட்டோம்னு வெச்சுக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மஞ்சள்ங்கற கலர் எந்த அடையாளமும் கிடையாது. வேலைக்கு ஆள் தேடறப்போ "கறுப்பு முடி இருக்கும்"னு அடையாளம் சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும். கலரைத் தூக்கிப் போட்டுட்டு பூவோட அமைப்பைப் பாக்கணும், அதுல மொதல் கேள்வி ரொம்ப சாதாரணமானது: இது ஒரு பூவா, இல்ல ஒரு கூட்டமா?

சூரியகாந்தியை நெனச்சுக்கங்க. நாம ஒரு பூன்னு சொல்றது நெசத்துல நூத்துக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒரு தட்டுல உக்காந்திருக்கறது, சுத்தி இருக்கற ஒவ்வொரு மஞ்சள் இதழும் தனித்தனி பூவோடது. சாமந்தியும் அதே குடும்பம்தான். மலையில ரோட்டோரப் புல்லுல நீளக் காம்பு மேல ஒத்தையா மஞ்சளா நிக்கும் பாருங்க, காஞ்சா பஞ்சு மாதிரி பறக்கும், அதெல்லாம் இந்தக் கூட்டுப்பூ குடும்பம். அதுல ரொம்ப சாதாரணமா கண்ணுல படறது ஐரோப்பாவுல இருந்து வந்த ஹைப்போகீரிஸ். பூவைப் பிச்சா ஒவ்வொரு இழையோட அடியிலயும் ஒரு குட்டி விதை மொட்டு தெரிஞ்சா கூட்டம்தான், ஹைபெரிக்கம் இல்லன்னு அப்பவே தள்ளிரலாம். இந்தக் குடும்பத்துலயும் சொந்த ஊர் செடிங்க இருக்கு, ஆனா அதுங்களை ஒண்ணுலேந்து ஒண்ணு பிரிக்கறது பெரிய ஆளுங்களுக்கே தலைவலி, ஆரம்பத்துலயே அந்தப் பக்கம் போகாதீங்க.

ரெண்டாவது கேள்வி, பூ எந்தப் பக்கமா மடிச்சாலும் சமமா வருமா, இல்ல ஒரே ஒரு கோட்டுலதான் மடிக்க முடியுமா? அவரைப்பூ, பட்டாணிப்பூ, சணல்பூ எல்லாம் கையில எடுத்துப் பாத்திருப்பீங்க, மேல ஒரு பெரிய இதழ் கொடி மாதிரி நிக்கும், ரெண்டு பக்கமும் ரெண்டு இறக்கை, கீழ ரெண்டு இதழ் ஒட்டி ஒரு படகு. முகம் மாதிரி, எடப்பக்கம் வலப்பக்கம்தான் சமம், மேல கீழ சமம் கிடையாது. நான் ஸ்டேட்டஸ் போட்ட மஞ்சள் இந்த ஜாதி. அது ஸ்காட்ச் புரூம், தண்டெல்லாம் பச்சைக் குச்சியா வெளக்குமாறு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், இலை இருக்கா இல்லையான்னே தெரியாது, புரூம்னு பேரு வந்ததே அதுலதான். இதுக்கு ஒரு பங்காளி உண்டு, கோர்ஸ், உடம்பெல்லாம் பச்சை முள்ளு, தெரியாம கை வெச்சா மறக்க மாட்டீங்க, ஆனா வெயில்ல அந்தப் பூகிட்ட போய் மோந்து பாத்தா தேங்காய் வாசனை வரும், நெசமா தேங்காய் பர்ஃபி மாதிரி. ரெண்டும் ஐரோப்பாவுல இருந்து வந்ததுங்க. காய் வெயில்ல காஞ்சு படார்னு வெடிச்சு விதையைத் தெறிக்க விடும், விதை மண்ணுக்குள்ள பல வருஷம் சும்மா காத்துக்கிட்டு கிடக்கும், செடியைப் புடுங்கிட்டோம்னு நிம்மதியா திரும்பினா மறு மழைக்கு மறுபடி மொளைக்கும். வாட்சர் அண்ணனுக்கு வேலை தீராம இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

ஒண்ணு சொல்லிடறேன், பட்டாணிப்பூ மாதிரி இருந்தாலே வெளிநாடுன்னு முடிவு பண்ணிராதீங்க, கிலுகிலுப்பை ஜாதியில உள்ளூர்ச் செடிங்க அதே புல்வெளியில மஞ்சளா பூக்கும், காயை ஆட்டினா உள்ள விதை கிலுகிலுன்னு சத்தம் போடும்.

சரி, கூட்டமும் இல்ல, பட்டாணியும் இல்ல, சுத்தி சமமா விரிஞ்ச ஒத்தைப் பூ, இப்ப உக்காந்து எண்ணலாம். ஹைபெரிக்கம்னா இதழ் அஞ்சு. நாலு இல்ல, ஆறு இல்ல. பூ நல்லா விரிஞ்சா ரெண்டு அஞ்சு ரூவா நாணயத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்ச அகலம் கிட்டத்தட்ட வரும். ஒவ்வொரு இதழும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், அதனால மொத்தப் பூவும் பசங்க பனை ஓலையில செஞ்சு விடற காத்தாடி சுத்தற மாதிரி ஒரு திசையில திரும்பின மாதிரி தெரியும். மொட்டைப் பாத்தா இன்னும் தெளிவா இருக்கும், இதழை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு முறுக்கி வெச்சிருக்கும்.

அப்புறம் நடுவுல. இங்கதான் இந்தப் பூவோட அழகே இருக்கு, ஒரு மஞ்சள் பிரஷ்ஷைக் குத்தி வெச்ச மாதிரி அவ்வளவு மகரந்த இழை. எண்ண உக்காராதீங்க, முடியாது. ஆனா அதோட அடியைப் பாத்தா அதெல்லாம் தனித்தனியா மொளைக்கல, அஞ்சு கட்டா கட்டி வெச்சிருக்குன்னு தெரியும், கீரைக்கட்டு மாதிரி. இந்தப் பூவுல தேன் கிடையாது, வர்ற தேனீக்கு கிடைக்கறது மகரந்தம் மட்டும்தான், அதான் இவ்வளவு இழையை வெச்சு தாராளமா பரிமாறுது. புன்னைப் பூவை கடற்கரைப் பக்கம் பாத்திருந்தீங்கன்னா இந்த நடுப்பகுதி பழகின முகமா தெரியும், அது வெள்ளை இதழ்ல மஞ்சள் இழை, இது மஞ்சள்ல மஞ்சள். சும்மா தோணறது இல்ல, புன்னை, கொடம்புளி, இந்த ஹைபெரிக்கம் எல்லாத்தையும் முன்னாடி ஒரே குடும்பத்துல வெச்சிருந்தாங்க, இப்ப பாகம் பிரிச்சு பக்கத்துப் பக்கத்து வீடு ஆயிருச்சு.

இழைக்கு நடுவுல பச்சையா சூலகம், பின்னாடி காயா ஆகப் போற பகுதி, அது தலையில இருந்து அஞ்சு நூல் மேல வரும். இதழெல்லாம் உதிர்ந்தப்புறமும் காய் தலையில அந்த அஞ்சும் மீசை மாதிரி கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால பூ இல்லாத செடியில கூட காய் இருந்தா எண்ணிப் பாத்துரலாம். காய் காஞ்சு மேல இருந்து அஞ்சா பொளக்கும். நான் சொன்னேன்ல, எல்லாமே அஞ்சு.

ஆனா வாட்சர் அண்ணன் சொன்னது வேற. "பூவை விடுங்க தம்பி, பூ இன்னைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது, இலையைப் பாருங்க" ன்னாரு. கீழ உதிர்ந்து கிடந்த ஒரு இலையை எடுத்து சூரியனுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாரு. ஊசியால நூறு தடவை குத்தின மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் வந்துச்சு! நெசத்துல ஓட்டை இல்ல, இலைக்குள்ள இருக்கற எண்ணெய்ச் சுரப்பிங்க, அது வழியா வெளிச்சம் ஊடுருவி வர்றதால ஓட்டை மாதிரி தெரியுது. ஐரோப்பாவுல இருக்கற இதோட அண்ணன்காரனுக்கு பெர்ஃபொரேட்டம்னே பேரு, துளை போட்டதுன்னு அர்த்தம். எலுமிச்சை இலையைத் தூக்கிப் பாத்தாலும் இதே மாதிரி தெரியும், வீட்டுலயே பழகிட்டுப் போங்க.

இலையில இன்னும் ரெண்டு பாயிண்ட் இருக்கு. ஒண்ணு, இலை ஜோடி ஜோடியா எதிரெதிரா நிக்கும், ஒரு ஜோடி கெழக்கு மேக்கா நின்னா அடுத்த ஜோடி வடக்கு தெக்கா, துளசிச் செடியை மேல இருந்து பாத்தா சிலுவை மாதிரி தெரியுமே அதே கணக்கு. ரெண்டு, இலைக்குக் காம்புன்னு ஒண்ணு கிடையாது, நேரா தண்டுலயே உக்காந்திருக்கும். இளசான கிளையை விரல் நடுவுல வெச்சு லேசா உருட்டினா உருளாது, நாலு மூலை தட்டுப்படும். இதைக் கண்ணை மூடிக்கிட்டே செய்யலாம், மலையில மஞ்சு எறங்கி ஒண்ணும் தெரியாதப்போ நான் அப்படித்தான் செய்வேன், கொஞ்சம் ஷோ காட்டறதுன்னு கூட வெச்சுக்கங்க.

இப்ப எங்க ஏமாறுவீங்கன்னு சொல்றேன். சொந்தக் குடும்பத்துலயே ஒருத்தர் இருக்காரு, ஹைபெரிக்கம் ஹூக்கேரியானம், அதுவும் நீலகிரிக்காரர்தான், அதுவும் புதர், அதுவும் அஞ்சிதழ். வித்தியாசம் என்னன்னா அது பூ தட்டையா விரியாது, கிண்ணம் மாதிரி குழிஞ்சு இருக்கும், நடுவுல இருக்கற இழை ரொம்பக் குட்டை, இதழ்ல பாதி நீளம் கூட வராது, கிளையை உருட்டினா சமத்தா உருளும். நம்மாளுக்கு இழை நீளமா வெளிய பொங்கி வரும். இன்னொரு சொந்தம் ஜப்பானிக்கம், ஈரமான எடத்துல புல்லோட புல்லா விரல் உயரத்துக்கு நிக்கற பொடிசு, பூ மொத்தமே சட்டைப் பொத்தானை விட சின்னது, இங்க இருந்து ஜப்பான் ஆஸ்திரேலியா வரைக்கும் பரவிக் கிடக்கு.

குடும்பத்துக்கு வெளிய ரனன்குலஸ் ரெனிஃபார்மிஸ்னு ஒண்ணு, எனக்குத் தனிப்பட்ட முறையில ஹைபெரிக்கத்தை விட இதுதான் இஷ்டம். தரையோட தரையா கிட்னி வடிவத்துல இலை, ரெனிஃபார்மிஸ்னா அதான் அர்த்தம், காம்பு மேல பூ, இதழ் வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு வெளிச்சம் அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இது கிடையாது, நான் ஸ்டேட்டஸ்ல எழுதினது கிட்டத்தட்ட இதுக்குத்தான் பொருந்தும். இதழை எண்ணினா அஞ்சோட நிக்காது, பத்தைத் தாண்டும். அப்புறம் பொய் ஸ்ட்ராபெரி, அதுலயும் அஞ்சு மஞ்சள் இதழ், நடுவுல நெறைய இழை, அவசரத்துல ஏமாத்திரும், ஆனா அது தரையில ஓடற கொடி, இலை மூணு மூணா பல்லு வெட்டின மாதிரி இருக்கும். முள்ளோட மஞ்சளா குட்டிக் குட்டி பூ கொத்தா தொங்கினா அது பெர்பெரிஸ், அதுவும் உள்ளூர்தான். உயரமான மரத்துல வெளிர் மஞ்சளா பஞ்சு உருண்டை உருண்டையா வேலம்பூ மாதிரி இருந்தா வாட்டில், ஆஸ்திரேலியா மரம், தோல் பதனிட பட்டை வேணும்னு புல்வெளியில கொண்டு போய் வரிசையா நட்டு, அது பாட்டுக்குப் பரவி, இன்னைக்கு நீலகிரி புல்வெளியில பெரிய பங்கை முழுங்கிருச்சு.

நேட்டிவ், அதாவது உள்ளூர்ச் செடின்னு சொல்றமே, அது பூவைப் பாத்தா தெரியுமான்னு ஒருத்தர் கேட்டாரு. தெரியாது. பூவுல ரேஷன் கார்டு ஒட்டி இருக்காது. இனத்தைக் கண்டுபிடிச்சப்புறம் அது வரலாற்றைப் பாத்துதான் சொல்ல முடியும். நம்ம செடிக்கு 1834 லயே ராபர்ட் வைட், ஆர்னாட்ங்கற ரெண்டு தாவரவியல்காரங்க முறையா விவரம் எழுதி அச்சுல கொண்டு வந்துட்டாங்க, மைசூரென்ஸ்னா மைசூர்ப் பக்கத்தைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். வைட் கம்பெனி காலத்து சென்னை மாகாண டாக்டர், ஆனா செடி மேல பைத்தியம், அவருக்குப் படம் வரைஞ்சு குடுத்தது ரங்கையா, கோவிந்துன்னு நம்ம ஊரு ஓவியர்ங்க, அந்தப் படங்களை இன்னைக்குப் பாத்தாலும் எந்த ஃபோட்டோவை விடவும் தெளிவா இருக்கு, என் கருத்துல பூ அடையாளம் காண ஃபோட்டோவை விட கோட்டுப்படம்தான் ஒசத்தி.

இந்தச் செடி இருக்கற எடத்தை மேப்புல பாத்தாலும் ஒரு கதை தெரியும். தென்னிந்திய மலை உச்சிகள், அப்புறம் இலங்கையில ஹோர்ட்டன் சமவெளி மாதிரி உயரமான எடம், நடுவுல இருக்கற தாழ்வான நெலத்துல எங்கயும் கிடையாது. தீவு தீவா பிரிஞ்சு நிக்குது, சுத்தி கடலுக்குப் பதிலா வெயில். சொந்தம்ங்கறதும் அங்க மட்டும்தான்ங்கறதும் வேற வேற, இதைப் பல பேரு போட்டுக் குழப்பிக்கறாங்க. ஹைபெரிக்கம் மைசூரென்ஸ் நீலகிரிக்குச் சொந்தம், அதே சமயம் இலங்கை நுவரெலியா பக்கத்துக்காரருக்கும் சொந்தம், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

போன்ல ஆப் இருக்கே, அதுகிட்ட கேட்டா போச்சுன்னு நெனப்பீங்க. நானும் நெனச்சேன். நான் வெச்சிருந்த ஒரு ஆப் இதைப் பாத்துட்டு லண்டன் தோட்டத்துல வளக்கற அலங்காரச் செடி பேரைச் சொல்லிச்சு, ஜாதி சரி, ஆளு தப்பு. காரணம் நம்ம ஃபோட்டோவும்தான், எல்லாரும் பூவை மட்டும் முன்னாடி இருந்து அழகா எடுக்கறோம், அதுல கலரும் இதழும்தான் இருக்கு. பூவைப் பக்கவாட்டுல, பின்பக்கம் பச்சை இதழ் தெரியற மாதிரி, இலை தண்டுல ஒட்டற எடம், இலையோட ரெண்டு பக்கமும், வெளிச்சத்துக்கு நேரா கீழ இருந்து ஒண்ணு, கடைசியா முழுச் செடியும் சுத்தி இருக்கற எடமும் தெரியற மாதிரி எடுத்துக்கங்க. பக்கத்துல பேனாவோ நாணயமோ வெச்சா அளவும் தெரிஞ்சிரும்.

பறிச்சுப் பாக்கலாமான்னா, முக்குர்த்தி மாதிரி தேசியப் பூங்காவுக்குள்ள பறிக்கவே கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம் அதுக்கு எடம் குடுக்கல, வெளியிலயும் எதுக்குப் பறிக்கணும், கீழ உதிர்ந்த இலை இதழே நமக்குப் போதும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், ஐரோப்பிய ஹைபெரிக்கத்தை, அதான் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுன்னு மாத்திரையா விக்கறாங்களே, அதை மனச்சோர்வுக்கு மருந்துன்னு படிச்சுட்டு இந்த இலையைக் கஷாயம் வெச்சுக் குடிக்கற வேலை வேண்டாம். இது வேற இனம், தவிர அந்த ஐரோப்பியச் செடியே கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற மாத்திரைன்னு பல மருந்தோட வேலையைக் கெடுக்கும்.

2018 ல குறிஞ்சி பூத்தப்போ மூணாறு பக்கம் போயிருந்தேன். அத்தனை கூட்டமும் ஊதாவைப் பாத்துக்கிட்டு நிக்குது, பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்காதானே, நியாயம்தான். என் அக்கா பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு, கூட்டத்துல ஒண்ணும் தெரியலைன்னு சிணுங்கிக்கிட்டு இருந்தவ திடீர்னு பாதை ஓரத்துல குந்திட்டா. எழுந்து வான்னா வரல, விரலை நீட்டி ஏதோ எண்ணிக்கிட்டு இருந்தா. எண்ணி முடிச்சுட்டு "மாமா, இதுல அஞ்சு இருக்கு" ன்னா. இலையைத் தூக்கிப் பாக்கலாம்னா அன்னைக்குப் பாத்து வெயிலே இல்ல, கடைசியில போன் டார்ச் அடிச்சுதான் புள்ளியைக் காட்டினேன்.